எண்பதைத் தாண்டினால் ஒலிக்கும் மணி

கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு சின்ன உலோகத் துண்டு தாராளமாகக் கிடைத்தது. சீட் பெல்ட்டின் முனையில், பூட்டுக்குள் செருகும் நாக்கு ஒன்று இருக்குமே, அதேதான். பெல்ட் கிடையாது, நாக்கு மட்டும். இருக்கைக்குப் பக்கத்திலுள்ள பூட்டில் இதைச் செருகிவிட்டால் ஓட்டுபவர் பெல்ட் போட்டுவிட்டார் என்று கார் நம்பி, மணி அடிப்பதை நிறுத்திவிடும். இணையக் கடைகளில் இதைப் பாட்டில் ஓபனர் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் பெயர் மாற்றிக்கூட விற்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், மீஷோ, ஷாப்குளூஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் இதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்போது நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118.

ஒரு பாதுகாப்புக் கருவியை ஏமாற்றுவதற்கென்றே ஒருவர் ஒரு பொருளை வடிவமைக்கிறார், வார்க்கிறார், விலை வைக்கிறார்; அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. இதைச் சில்லறைக் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. காருக்குள் வரும் ஒவ்வொரு பாதுகாப்புக் கருவியும் மனிதர் இப்படித்தான் நடந்துகொள்வார் என்ற ஓர் ஊகத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. ஊகம் தப்பும்போது கருவியும் தப்பாக வேலை செய்கிறது. அதைச் சரிக்கட்ட இன்னொரு விதி பிறக்கிறது, அதற்குள் இன்னொரு ஊகம். திருச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சென்னை, மதுரை, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை என்று எல்லாத் திசைக்கும் தேசிய நெடுஞ்சாலை பிரியும் ஊர் இது. கோயில் வீதியின் நடைவேகத்திலிருந்து நெடுஞ்சாலையின் நூறு கிலோமீட்டருக்குக் கால் மணி நேரத்தில் மாறிவிடலாம்.

மணியோடு மல்லுக்கட்டும் பழக்கம் நம் ஊரில் தொடங்கியதல்ல. 1974 மாடல் கார்களில், முன்னிருக்கைக்காரர்கள் பெல்ட் போடாவிட்டால் என்ஜினே கிளம்பாத ஏற்பாட்டை அமெரிக்க அரசின் விதி கொண்டுவந்தது. பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக எண்ணி வண்டி அடம்பிடித்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள், ஒயரைப் பிடுங்கிப்போட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை ஒழித்துக்கட்டியது. கோபம் அதோடும் தீரவில்லை. எச்சரிக்கை மணி எட்டு நொடிக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்று அரசு இனிமேல் கேட்கவே கூடாது என்றும் சட்டம் போட்டார்கள். அந்தத் தடை விலக 2012 ஆயிற்று. ஒரு பொறியியல் அளவை அமெரிக்க மக்களின் எரிச்சல் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் பூட்டிவைத்திருந்தது.

இந்தியாவில் மணி வந்த கதை வேறு. 2019 ஜூலை 1 முதல் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக், முன்னிருக்கை இரண்டுக்கும் பெல்ட் மணி, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. இங்கே யாரும் தெருவில் இறங்கிப் போராடவில்லை, நாடாளுமன்றத்தில் முழங்கவும் இல்லை. கடைக்குப் போய் நாக்கை வாங்கிவந்தார்கள். விதியை எதிர்ப்பதைவிட அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்து வெட்டிக்கொள்வது நமக்குக் கைவந்த கலை.

அந்த நாக்கை வாங்கியவர் முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ குடியிருப்பவர் காரை எடுத்தால் முதலில் பூக்கடை, அடுத்து மாடு, பிறகு தரிசனம் முடித்துச் செருப்பைத் தேடி நடுத்தெருவில் நிற்கும் கூட்டம். ராஜகோபுரம் தாண்டி அம்மா மண்டபம் சாலையைப் பிடிக்கும்வரை வேகம் இருபதைத் தொடுவதே பெரிய காரியம். அந்த வேகத்தில் 'பெல்ட் எதற்கு' என்று தோன்றுவது இயல்பு. மணி விடாமல் கத்துகிறது, நாக்கு செருகப்படுகிறது. சிக்கல் என்னவென்றால் செருகிய நாக்கை யாரும் கழற்றுவதில்லை. அதே கார் வெள்ளிக்கிழமை இரவு திருவானைக்கோவிலைத் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, நம்பர் 1 டோல்கேட் வழியாகச் சமயபுரம் சுங்கச்சாவடிக்கு வந்து சென்னை சாலையைப் பிடிக்கும்போதும் நாக்கு பூட்டிலேயே இருக்கிறது. போலீஸ் நிற்கும் இடம் தெரிந்தால் நூறு மீட்டர் முன்னால் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே கையால் பிடித்துக்கொள்வார்கள், தாண்டியதும் விட்டுவிடுவார்கள். 2019 திருத்தச் சட்டம் பெல்ட் போடாததற்கு வைத்த அபராதம் 1,000 ரூபாய். அந்த உயர்த்திய அபராதங்களைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அபராதம் ஏறியபின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் கைகள்தான் கூடின என்பது என் எண்ணம்.

பின்னிருக்கையில் இந்த நாடகம்கூடக் கிடையாது. முன்னோக்கிய பின்னிருக்கையில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138-இல் நெடுநாளாக இருக்கிறது. அது விதிப்புத்தகத்துக்கு வெளியே வர ஒரு பெரிய தொழிலதிபர் சாக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தார். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவர் பிழைக்கவில்லை. விலை உயர்ந்த கார், ஏர்பேக்குக்குக் குறைவில்லை. பின்னிருக்கைக்கும் மணி வேண்டும் என்ற பேச்சும், நாக்கு விற்பனையைத் தடுக்க வேண்டும் என்ற வேகமும் அதற்குப் பிறகுதான் எழுந்தன. ஆனால் அந்த ஆண்டு இந்தியாவில் பெல்ட் போடாமல் இறந்ததாக அரசு கணக்கில் ஏறியவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, பயணிகள் 8,331. ஏறக்குறையச் சரிபாதி.

நம் வீட்டுக் கார்களின் பின்னிருக்கையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மூன்று பேர் உட்காரும் இடத்தில் பாட்டி, அத்தை, இரண்டு பிள்ளைகள், மடியில் ஒரு தூக்குவாளி. பெல்ட் பூட்டு மூன்றும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அவை வெளிச்சம் பார்த்திருக்காது. மோதல் நேரத்தில் பின்னிருக்கைக்காரர் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறந்து, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னிருக்கைக்காரர்மேல் விழுகிறார் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லப்பட்டதில்லை.

சீட் கவர் இன்னொரு வேலையும் செய்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் இருக்கையின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்படி அமைந்தது. புதுக்கார் வந்த வாரமே தடித்த ரெக்ஸின் கவர் போட்டு அந்தத் தையலை மூடிவிடுகிறோம். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று மத்திய அரசு 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் என்றார்கள், பிறகு அடுத்த ஆண்டு என்றார்கள், 2023 செப்டம்பரில் கட்டாயம் இல்லை என்றே அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். விலை கூடினால் சின்னக் கார் வாங்க நினைப்பவர் பைக்கிலேயே தங்கிவிடுவார் என்று மாருதி சுசூகி தலைவர் ஆர்.சி. பார்கவா வாதாடினார். வியாபாரியின் வாதம்தான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. இந்தியச் சாலைகளில் சாகிறவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். கார், வேன்காரர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர்தான். ஐந்து பேர் பைக்கை விட்டுக் காருக்குள் வருவதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே. அந்த விவாதத்தில் சீட் கவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் என் குறை.

புது வண்டி வாங்கினால் சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படுவது திருச்சிப் பக்கத்து வழக்கம். அப்படியே டேஷ்போர்டில் ஒரு சாமி குடியேறும். நம்பெருமாளோ, மாரியம்மனோ, பிள்ளையாரோ. அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப். இடம் பெரும்பாலும் இடதுபக்க மேல்தளம், அதாவது பக்கத்து இருக்கைக்காரருக்கான ஏர்பேக் மூடியின்மேலோ அதன் விளிம்பிலோ. அந்த மூடி ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து பை வெளிவரும். மேலே ஒட்டியிருக்கும் பித்தளை விக்ரகம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமியை இறக்கச் சொல்லி எந்த விதியும் ஜெயிக்காது. டேஷ்போர்டின் நடுவில், ஏர்பேக்குக்கு அப்பால், விக்ரகம் வைக்க ஒரு குழிவான மேடையை இந்தியக் காரில் வடிவமைத்தால் போதும். காரில் கப் வைக்க இடம் விட்டவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

ஏர்பேக்கின் வரலாறே தவறிய ஊகத்தின் வரலாறு. 1990-களின் அமெரிக்க விதி, பெல்ட் போடாத ஒரு சராசரி ஆணின் உருவப் பொம்மையை மணிக்கு 48 கிலோமீட்டர் மோதலில் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்றது. ஜனங்கள் பெல்ட் போடவே மாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மையில் பிறந்த விதி. எழுபத்தைந்து கிலோ ஆளைத் தடுக்கும் வேகத்தில் பையை வெடிக்கவிட்டார்கள். அந்த விசை முன்னிருக்கையில் இருந்த குழந்தைகளையும் குள்ளமான பெண்களையும் கொன்றது. 1990 தொடங்கி 2008 வரை அமெரிக்காவில் ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290-க்கும் மேல். பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது தப்பாகப் போட்டவர்கள். 1997-இல் விதியைத் தளர்த்தி விசையைக் குறைத்தார்கள், குழந்தையைப் பின்னிருக்கைக்கு அனுப்பினார்கள். நம்மிடம் பக்கத்து இருக்கை ஏர்பேக் கட்டாயமாகி நான்கைந்து ஆண்டுதான் ஆகிறது. முன்னிருக்கை மடியில் குழந்தையை வைத்து, கண்ணாடி வழியே ரயிலும் யானையும் காட்டிக்கொண்டு போவது அப்படியே தொடர்கிறது. 2024 டிசம்பரில் நவி மும்பையில் முன்னிருக்கையில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் ஏர்பேக் விரிந்த அதிர்ச்சியில் இறந்தான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் அபராதம் உண்டு என்று 2019 திருத்தம் சொல்கிறது. அந்த அபராதம் கட்டிய குடும்பம் எதையும் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். கட்சிக்கொடி பறக்கும் வண்டிகளுக்கு அது அடையாளமாக இருந்தது. மோதலை வாங்கி மடங்க வேண்டிய முன்பகுதியை மடங்கவிடாமல் செய்து, ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் குழப்பும் என்பதால் அதைக் கழற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. தமிழ்நாட்டில் நிறைய வண்டிகள் அதை இழந்தன.

இனி வேகம். 2018 ஏப்ரல் 6 அன்று மத்திய அரசு வேக வரம்பை உயர்த்தியது. எக்ஸ்பிரஸ் சாலைகளில் காருக்கு மணிக்கு 120 கிலோமீட்டர், நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் 100. என்ஜின் தொழில்நுட்பமும் சாலை வசதியும் மேம்பட்டுவிட்டன என்பது காரணம். மூன்றாண்டு கழித்து, விபத்தில் ஊனமடைந்த ஒருவரின் இழப்பீட்டு மேல்முறையீட்டில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் என். கிருபாகரன், டி.வி. தமிழ்ச்செல்வி அமர்வு அந்த அறிவிக்கையையே ரத்து செய்தது. 2015-இல் தமிழ்நாட்டு பைக்காரர்கள் தலையில் ஹெல்மெட்டை ஏற்றிய அதே கிருபாகரன்தான். மேம்பட்ட என்ஜின் வேகத்தைக் கட்டுக்கடங்காமல் கூட்டத்தான் செய்யும், விபத்து அதனால் குறையாது என்பது நீதிபதிகள் வைத்த வாதம். அதே ஆண்டு அக்டோபரில் கட்கரி, எக்ஸ்பிரஸ் சாலையில் 140 வரை போக விட வேண்டும் என்பதே தன் சொந்தக் கருத்து என்று மேடையில் பேசினார்.

இந்த வழக்கில் அரசும் நீதிமன்றமும் மோதிக்கொண்ட கேள்வி ஐம்பதாண்டு பழையது. சிகாகோவின் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். காருக்குள் பாதுகாப்பு கூடக்கூட ஓட்டுநர் துணிச்சலாக ஓட்டுகிறார், காருக்குள் மிச்சமான உயிர்கள் சாலையில் நடப்பவரிடம் கழிந்துபோகின்றன என்பது சாரம். 1980-களில் மியூனிக்கில் ஒரு நிறுவனத்தின் டாக்சிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திப் பார்த்தபோது விபத்து குறையவில்லை. அந்தப் பிரேக் இருப்பது தெரிந்த ஓட்டுநர்கள் திருப்பங்களில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை நெருங்கி ஓட்டினார்கள். பெல்ட்ஸ்மன் சொன்ன அளவுக்கு இழப்பு ஈடாவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பெல்ட்டும் ஏர்பேக்கும் உயிரைக் காக்கின்றன, சந்தேகமில்லை. கிடைத்த பாதுகாப்பில் ஒரு பங்கை மனிதர் வேகமாக மாற்றிச் செலவழிக்கிறார் என்பதும் மெய்தான். நீதிபதிகள் மெய்யைச் சொன்னார்கள். ஆனால் அறிவிக்கையில் இருக்கும் எண்ணைக் குறைத்தால் சாலையில் இருக்கும் எண் குறையும் என்ற ஊகம் அவர்களுடையது, அதை நான் நம்பவில்லை.

சென்னை–திருச்சி சாலையில் கார் சொல்வதையே கேளுங்கள். 2019 விதிப்படி வேகம் 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை மணி. 120-ஐத் தாண்டினால் இடைவிடாமல். அந்த நான்குவழிச் சாலைக்கு 2018 அறிவிக்கை தந்த வரம்போ 100. சட்டம் மீறப்படும் இடத்தில் கார் ஒன்றும் புதிதாகச் சொல்வதில்லை. விழுப்புரம் தாண்டுவதற்குள் அந்த 'டிங்' காதுக்குப் பழகிவிடுகிறது. இளையராஜா பாட்டுக்கு நடுவே அதுவும் ஒரு தாளம். சுமார் 330 கிலோமீட்டர் தூரத்தை 80-இல் ஓட்டினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், 100-இல் ஓட்டினால் மூன்றேகால் மணி நேரம். ஐம்பது நிமிட மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது; கூடும் ஆபத்து யாருக்கும் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களும் அந்தந்தச் சாலையின் வரம்பைப் பலகையிலிருந்தும் வரைபடத்திலிருந்தும் படித்து எச்சரிக்க வேண்டும். அங்கேயும் அதை அணைப்பது எப்படி என்பதுதான் கார் வாங்கியவர் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை.

இதற்கிடையில் ஷோரூமில் வாங்குபவரின் கேள்வி மாறிவிட்டது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத இந்திய வகைகளை மோதிப் பார்த்து அத்தனைக்கும் பூஜ்ஜியம் கொடுத்தது. 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 'மைலேஜ் எவ்வளவு' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'ஸ்டார் எத்தனை' என்று கேட்கத் தொடங்கினார்கள். எந்த விதியும் கட்டாயப்படுத்தாமலே கம்பெனிகள் இரும்பைக் கெட்டிப்படுத்தின. 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப் வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த முன்பக்க மோதல் சோதனை நடக்கும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். நூறில் போகும் கார் சுமக்கும் இயக்க ஆற்றல் அதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 'ஃபைவ் ஸ்டார் வண்டி சார், பயப்படாதீங்க' என்று பாடாலூர் பக்கத்தில் 120-ஐத் தொடும் ஓட்டுநர், 64-க்கு எழுதிய சான்றிதழை 120-இல் காட்டுகிறார். இருட்டில் ஓரமாக நிற்கும் லாரியின் பின்புறம் அந்தச் சான்றிதழைப் படிப்பதில்லை. லாரியின் பின்தடுப்புக் கம்பி உடைந்தோ மேலே ஏறியோ இருந்தால் காரின் பானெட் அடியில் புகுந்து, மோதல் நேராகக் கண்ணாடியில் நடக்கும்; சென்சாரும் மடங்கும் இரும்பும் வேலை செய்ய வாய்ப்பே வராது. அந்த லாரிக்காரர் எச்சரிக்கைக்கு வைப்பது பின்னால் நான்கு கருங்கல், ஒரு வேப்பங்கிளை. லாரி போனபின்னும் கல் அங்கேயே கிடக்கும்.

அந்த விபத்து காவல் நிலையத்தில் எப்படி எழுதப்படும் என்பது தமிழ்நாட்டில் அனைவருக்கும் மனப்பாடம்: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து. இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் 279, 304ஏ போய் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் பிரிவுகள் வந்துவிட்டன, வாசகம் போகவில்லை. பிரிவுக்குப் பொருந்த வேண்டுமென்றால் ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும். பாலத்துச் சுவரோ விளக்கில்லாத திருப்பமோ குற்றவாளிக் கூண்டில் ஏறாது. பத்து மரணத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம் என்று ஆண்டுதோறும் அரசு அறிக்கை சொல்வதில் இந்த வாசகத்தின் பங்கும் இருக்கிறது. விதி எழுதுபவர்களுக்கு மனித நடத்தையைப் பற்றிக் கிடைக்கும் தரவே இன்னொரு மனித நடத்தை, இரவு இரண்டு மணிக்கு ரைட்டர் நிரப்பும் படிவம். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். மரணம் 17,884, உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தது. இவ்வளவுக்கும் ஒரே காரணத்தை எழுதிக்கொண்டிருந்தால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய விபத்துத் தரவுச் செயலி இப்போது காவலரைச் சம்பவ இடத்திலிருந்தே படம், இருப்பிடம், பெல்ட் விவரம் என்று பதியவைக்கிறது. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

படிவத்தில் ஏறாத காரணத்துக்குத் திருச்சியிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடிவரை தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பதினான்கரை கிலோமீட்டர். அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், பெல் தொழிற்சாலை, பள்ளிகள், கடைகள் என்று முழுக்க ஊர். சாலையை நான்குவழியாக்கியபோது இந்தத் துண்டுக்கு மட்டும் சர்வீஸ் ரோடு போடவில்லை. நிலம் கொடுக்கக் கடைக்காரர்கள் மறுத்தார்கள், குடியிருப்போர் சர்வீஸ் ரோடு கேட்டுப் போராடினார்கள், வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது, மேம்பாலமாகவே கட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. காட்டூரில் ஒரு கடையிலிருந்து எதிர்ப்பக்கத் தெருவுக்குப் போக வேண்டிய பைக்காரர் தூரத்து யூ-டர்ன்வரை போய்த் திரும்பி வர வேண்டும். அவர் போவதில்லை. ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார். எண்பதில் வரும் காருக்கு எதிரே வருகிறார். படிவத்தில் இது 'எதிர்த்திசைப் பயணம்', ஓட்டுநர் தவறு. சாலை வரைந்தவரின் தவறு எந்தக் கட்டத்திலும் வராது. சுவீடன் 1997-இல் தன் சாலைக் கொள்கையை மாற்றியபோது எடுத்துக்கொண்ட அடிப்படை இதுதான்: மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறு அவர் உயிரைக் குடிக்காதபடி சாலையைப் போடுவது சாலை போடுபவரின் பொறுப்பு.

அந்தச் சாலையிலேயே இன்னும் கிழக்கே வளம்பக்குடி. 2024 ஜூலை 17 அதிகாலை சமயபுரத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த பக்தர்கள்மேல் சரக்கு வாகனம் ஏறி ஐந்து பேர் இறந்தார்கள். மாசி கடைசி ஞாயிறு தொடங்கும் பூச்சொரிதலை ஒட்டி, அம்மன் பச்சைப் பட்டினி இருக்கும் இருபத்தெட்டு நாளும் இந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் மஞ்சள் துணி நடமாடும். ஆடியில் மறுபடி. வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடப்பார்கள். தார் ஓரத்தின் வெள்ளைக் கோட்டை ஒட்டித்தான் நடப்பார்கள், ஏனென்றால் அதற்கு வெளியே முள்ளும் சரளையும். இவர்களுக்கு முதுகில் ஒட்ட மின்னும் ஸ்டிக்கர் கொடுப்பது காவல்துறை செய்யும் நல்ல காரியம். கொடுத்ததை ஒட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள், ஏனென்றால் அது யாருக்கும் தொல்லை தருவதில்லை. கார் உலகின் விலை உயர்ந்த கேமராக்களைவிட அந்த ஸ்டிக்கர் இவர்களுடைய நடத்தையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. பாரத் என்கேப்பில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க, மோதப்படும் பாதசாரியின் தலைக்கும் காலுக்கும் பானெட் இடம்கொடுக்க வேண்டும். இருட்டில் ஓரமாக நடப்பவரைக் கண்டு தானாக பிரேக் போடுகிறதா என்று ஐரோப்பிய என்கேப் 2018 முதலே பார்க்கிறது.

அந்தத் தானியங்கி பிரேக் நம் கார்களிலும் வந்துவிட்டது. விலை கூடிய வகைகளில். திருச்சி ஊருக்குள் அதை அணைத்துவைப்பவர்களே அதிகம், காரணமும் நியாயமானது. டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இரண்டு மீட்டர் விட்டால் அதில் ஒரு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் நுழையும். கேமரா பதறி பிரேக்கைப் பிடிக்கும். பின்னால் ஒட்டிவரும் நகரப் பேருந்து அதை எதிர்பார்த்திருக்காது. எதிர்பாராத இடத்தில் நிற்கும் கார்தான் இங்கே ஆபத்து. இடைவெளி விடாமல் ஓட்டுவதை ஜெர்மனியில் வடிவமைத்தவர் குற்றமாகக் கருதினார். நம் ஊரில் அது ஓட்டுநர்களுக்குள் எழுதாத உடன்படிக்கை. அதைக் கற்றுக்கொள்ளாத கருவி ஊருக்குள் அணைக்கப்படும், அணைத்த நிலையிலேயே நெடுஞ்சாலைக்கும் போகும், பெல்ட் நாக்கு போனதைப்போல.

தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும் இதே பரீட்சை காத்திருக்கிறது. பேருந்து, லாரி, எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டிகளில் தானியங்கி பிரேக்கும், ஓட்டுநரின் அயர்வை எச்சரிக்கும் கருவியும், தடம் மாறினால் எச்சரிக்கும் கருவியும் வேண்டும் என்று மத்திய அரசு 2025-இல் வரைவு வெளியிட்டது. விடியற்காலை இரண்டு முதல் நான்குவரை நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு ஏற்கெனவே உண்டு. கேமரா செய்யப்போவதை பிளாஸ்டிக் மக்கும் ஒரு கான்ஸ்டபிளும் செய்கிறார்கள். கேமராவால் தேநீர் தர முடியாது.

ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய இரவு சென்னையிலிருந்து பத்து மணிக்குக் கிளம்பும் வண்டியை ஓட்டுபவர் யார்? சொர்க்கவாசல் திறப்பதற்குள் ஸ்ரீரங்கம் வந்தாக வேண்டும். வீட்டுக்காரர் பகலெல்லாம் ஆபீசில் இருந்தவர். தாம் ஓட்டவில்லை, புத்திசாலித்தனமாக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஆக்டிங் டிரைவர் அன்று பகலில் வேறொரு குடும்பத்தைக் காஞ்சிபுரம் அழைத்துப் போய்த் திரும்பியவராக இருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டார், சொன்னால் அன்றைய கூலி போகும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதிவைத்தது. அது நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு, நாள்கூலிக்கு வருபவரின் மணிநேரத்தை எண்ண ஆளில்லை. திருமாந்துறை சுங்கச்சாவடி, பெரம்பலூர், பாடாலூர், சிறுகனூர் என்று வரும்போது மணி இரண்டரை, மூன்று. பின்னால் எல்லாரும் தூங்குகிறார்கள், பெல்ட் இல்லாமல். வண்டி ஏழு பேர் உட்காரும் சொந்தக் கார். எட்டுப் பயணிகளுக்கு மேல் என்ற அந்த வரைவுக்குள் அது வராது.